சாட்டின் போத்தோஸ்: தொங்கவிடாமல் பலகையில் ஏற்றும் முறை

நர்சரியில் சாட்டின் போத்தோஸ், சில்வர் மணி பிளாண்ட் என்றெல்லாம் விற்கும் கொடியின் சரியான பெயர் சிண்டாப்சஸ் பிக்டஸ். மணி பிளாண்டைப் போலவே சேம்புக் குடும்பம்தான், ஆனால் பேரினம் வேறு. சுமத்ரா, ஜாவா, போர்னியோ காடுகளில் இது மரத்தைப் பற்றி ஏறும்; இளம் இலைகள் பட்டையோடு ஒட்டிப் படியும். தொங்கும் தொட்டியில் விட்டால் தண்டு நீண்டு, இலை சிறுத்துக்கொண்டே போகும்.

ஏற்கெனவே நீளமாகத் தொங்கும் கொடியைத் தூக்கிக் கட்டிப் பயனில்லை. பற்றுவேர் புதுத் தளிரில்தான் நன்றாகப் பிடிக்கும். முதிர்ந்த தண்டு பெரும்பாலும் ஒட்டாது. நுனியை வெட்டிப் புதிதாக வேர்விட வையுங்கள். 2 அல்லது 3 கணு உள்ள துண்டு போதும். கடைசிக் கணுவுக்கு 1 செ.மீ. கீழே, ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் வெட்டுங்கள். சாறு தோலில் அரிக்கும், கையுறை போடுங்கள். இலையைக் கடித்தால் வாய் எரியும். குழந்தைகள், பூனை, நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

ஸ்பாக்னம் பாசியை (ஈரத்தைப் பிடித்து வைக்கும் காய்ந்த பாசி) நனைத்து, சொட்டு நிற்கும்வரை பிழிந்து, கீழ்க்கணுவை அதற்குள் புதையுங்கள். வெறும் இலையும் காம்பும் மட்டும் வைத்தால் செடி வராது, கணு கட்டாயம். வேர் 3 செ.மீ. ஆனதும் 10 செ.மீ. தொட்டிக்கு மாற்றலாம். சூடான நாட்களில் இதற்கு 3 முதல் 5 வாரம் ஆகும்.

கலவை: தென்னை நார்க்கழிவு 2 பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு 1, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) 1, மண்புழு உரம் அரைப் பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும்.

கொடி ஏறத் தொட்டியில் ஊன்றும் பலகை: வார்னிஷ் படாத, சொரசொரப்பானது, 10 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். முந்தின இரவே ஊறவையுங்கள். நடும்போது தண்டைத் திருப்பிப் பாருங்கள்: வேர் முளைகள் ஒரே பக்கமாக இருக்கும். அந்தப் பக்கம் பலகையைத் தொட வேண்டும், மாறினால் வேர் காற்றில் நீட்டிக் காய்ந்துவிடும். பனியன் துணிக் கீற்றால் தண்டை மட்டும் தளர்வாகக் கட்டுங்கள், இலைக்காம்பைக் கட்டினால் இலை திரும்ப முடியாமல் கோணும். வேர் பிடிக்கும்வரை பலகைக்குத் தினமும் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த பலகையில் ஒட்டாது.

இலை சுருண்டால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை 3 செ.மீ. ஆழம் விடுங்கள். காய்ந்திருந்தால் தாகம், ஊற்றினால் இலை விரியும். ஈரமிருந்தும் சுருண்டால் வேர் அழுகியிருக்கும். தொட்டியைக் கவிழ்த்துக் கருத்த, குழைந்த வேரை வெட்டிவிட்டு புதுக் கலவையில் நடுங்கள். இந்தக் கொடி சாவது பெரும்பாலும் தண்ணீர் மிகுந்துதான்.

வெயில் நேராகப் படாத வெளிச்சம் வேண்டும். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் தாங்காது. இலைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சுபோலத் தெரிந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, வாரம் ஒருமுறை மறுபடி பாருங்கள்.