சீமைக்கருவேலங்கரியில் பன்றி விலா: ஆற அமரப் புகைப்போடுவது எப்படி

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கரிக்குப் பஞ்சமே இல்லை. கண்மாய் தவறாமல் சீமைக்கருவேலம், அதை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரி மூட்டை மூட்டையாக லாரியேறி வெளியூர் போகிறது. டெக்சாஸ்காரர்கள் மெஸ்கீட் என்று பெருமையாகச் சொல்லி இறைச்சி சுடும் மரம் இதற்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் இந்தக் கரிக்கு ஒரு குணம் உண்டு. சட்டென்று பிடிக்கும், கடுமையாகச் சுடும், பொறி பறக்கும். கோழியைச் சுட இதைவிட நல்ல கரி கிடையாது, பன்றி விலாவை ஐந்தாறு மணி நேரம் புகையிலேயே வேகவைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் இதை அடக்கி ஆளத் தெரிய வேண்டும். மசாலா, மரம் எல்லாம் அப்புறம். முக்கால்வாசி வேலை அடுப்புக்குள் எவ்வளவு காற்று விடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

அதற்குத்தான் கெட்டில் கிரில். சிகாகோவில் மிதவை செய்கிற உலோகப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல் மிதவையின் உருண்டையை அடுப்பாக்கி, காற்றுக்கும் மழைக்கும் அசையாமல் மூடி போட்டார். கீழே ஒரு காற்றுத்துளை, மூடியில் ஒன்று, அவ்வளவுதான் இயந்திரம். ஆடிக்காற்றில்கூட வேலை செய்யும், துளை இருக்கும் பக்கத்தைக் காற்றுக்கு நேராக வைக்காமல் இருந்தால் போதும். பின்கட்டைத் தாண்டித் திறந்த வெளியில் வையுங்கள், வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வேண்டாம். புகை ஏறிய மரத்தூணின் வாசம் வாரக்கணக்கில் போகாது, கரிப்புகை மூடிய இடத்தில் உயிருக்கே ஆபத்து.

வெண்பன்றிக் கடையில் குழம்புக்குத்தான் கேட்பார்கள் என்ற பழக்கத்தில் கத்தி தானாக இறங்கிவிடும். கறி வெட்டுக்கட்டைக்கு வரும் முன்பே, “அண்ணே, ஒரு பக்க விலாவைத் துண்டு போடாம முழுசாக் குடுங்க” என்று சொல்லிவிடுங்கள். தோலும் தடித்த கொழுப்பும் சேர்ந்து வந்தால் வீட்டில் சீவி எடுங்கள், மேலே மெல்லிசாக ஒரு படலம் கொழுப்பு இருந்தால் போதும், சீவியது வறுவலுக்கு ஆகும். எலும்புப் பக்கம் வெள்ளையாக, கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். ஓர் எலும்பின் மேல் ஸ்பூன் காம்பை நுழைத்து நெம்பி, விரல் போகும் அளவு இடம் கிடைத்ததும், வழுக்காமலிருக்கத் துணியால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் சர்ரென்று முழுசாக உரிந்து வரும். இதை விட்டுவிட்டால் மசாலா இறங்காது, கடிக்கும்போது ரப்பராக இழுக்கும்.

மசாலாவை நம்ம ஊர்க் கைப்பக்குவத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஒன்றேகால் கிலோ விலாவுக்கு முண்டு மிளகாய் எட்டு, மிளகும் சோம்பும் இரண்டிரண்டு டீஸ்பூன், சீரகம் ஒன்று, அன்னாசிப்பூ ஒன்று, கல்பாசி ஒரு சிட்டிகை. லேசாகச் சூடு காட்டினால் போதும், கருக வறுத்தால் ஆறு மணி நேரப் புகையில் கசப்புதான் மிஞ்சும். பொடித்து, தூள் உப்பு இரண்டு டீஸ்பூன், நாட்டுச்சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி கலந்து முதல் நாள் ராத்திரியே தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இஞ்சி பூண்டு விழுது வேண்டாம். கை தானாகப் போகும், தெரியும், ஆனால் ஈரமான விழுது மேலே இருந்தால் அந்தக் கரும்பழுப்பு மொறுமொறுப்பு பிடிக்காது.

இப்போது கரி. மூட்டையில் கைவிட்டு இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த கரி கணீரென்று சத்தம் கொடுக்கும், கனமே இருக்காது. மந்தமாக ஒலிக்கிற, உடைத்தால் நடுவில் பழுப்பாக இருக்கிற துண்டு மூட்டத்தில் அரைகுறையாக வெந்தது. அதை ஒதுக்குங்கள், கறியைக் கெடுக்கும் வெள்ளைப் புகை அதிலிருந்துதான் கிளம்பும். மீதியை எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்து, அடுப்பின் ஒரு பக்கமாக நெருக்கிக் குவியுங்கள். கொட்டாங்கச்சிக் கரிக்கட்டி கிடைத்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம், அது நின்று எரியும். தனியே ஏழெட்டுத் துண்டை மட்டும் சாம்பல் பூக்கும்வரை பற்றவைத்து, குவியலின் ஒரு ஓரத்தில் வையுங்கள். நெருப்பு அங்கிருந்து மெதுவாக ஊர்ந்து போகட்டும். மண்ணெண்ணெய் பக்கத்திலேயே வரக்கூடாது.

புகைக்குக் கொய்யா அல்லது மா, நன்றாகக் காய்ந்த கட்டை, கைக்கடக்கமாக மூன்று. சீமைக்கருவேல விறகே புகை போடாதா என்றால் போடும், ஆனால் இத்தனை மணி நேரத்துக்கு அதன் காட்டம் தாங்காது. வேம்பு கூடாது. பழைய வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் பர்மா தேக்குச் சட்டமும் கூடாது, மேலே எந்தக் காலத்துப் பெயிண்டோ வார்னிஷோ, யார் கண்டது!

கரியில்லாத பக்கம் கீழே ஒரு தட்டில் வெந்நீர், அதற்கு மேல் கம்பி வலையில் விலா, எலும்புப் பக்கம் கீழே. மூடித் துளை கறிக்கு நேர் மேலே வரும்படி மூடுங்கள், அப்போதுதான் புகை கறியைக் கடந்து வெளியேறும். நமக்கு வேண்டியது 110 முதல் 120 டிகிரி செல்சியஸ். மூடியில் பதித்த மானியை நம்ப வேண்டாம், அது உச்சியில் இருக்கும் சூட்டைச் சொல்கிறது. கறிக்குப் பக்கத்தில் வலையிலேயே ஒரு மானி வையுங்கள். சூடு 100ஐத் தொட்டதும் கீழ்த்துளையைக் கால்வாசிக்குக் குறைத்துவிடுங்கள், 130 ஆன பிறகு மூடினால் இறங்க அரை மணி நேரமாவது பிடிக்கும். மேல்துளையை முழுசாக மூடவே கூடாது, தேங்கிய புகை கறியில் கசந்து படியும். வெளியே வரும் புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக இருக்க வேண்டும். அப்புறம், வெந்ததா வெந்ததா என்று வருகிறவர் போகிறவரெல்லாம் மூடியைத் தூக்குவார்கள். தூக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கரி காற்றைக் குடித்துச் சீறும், விடாதீர்கள். மூன்றாவது மணி நேரத்தில் சூடு காரணமில்லாமல் இறங்கினால் கீழ்த்துளையைச் சாம்பல் அடைத்திருக்கும், அந்தத் துளையின் கைப்பிடியை நாலு தடவை ஆட்டுங்கள்.

ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் மேல்புறம் கருஞ்சிவப்பாகிவிடும், தொட்டால் மசாலா கையில் ஒட்டாது. உள்சூடு 70 டிகிரி பக்கம் வந்து அங்கேயே நிற்கும். கறியிலிருந்து ஆவியாகும் ஈரம் சூட்டைத் தின்கிறது, கரியைக் கூட்ட வேண்டாம். வாட்டிய வாழையிலையில் கொஞ்சம் வினிகர் தெளித்து, விலாவைச் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தாளால் இறுக்கி மறுபடி வையுங்கள். இலை மட்டும் போதாது, ஓரம் தீய்ந்து ஓட்டை விழும். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பிறகு பிரித்து, கருப்பட்டியும் புளிக்கரைசலும் மிளகும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சியதைத் தடவி இன்னும் அரை மணி நேரம் திறந்தபடி. இந்த இனிப்புக் காய்ச்சலை முதலிலேயே தடவினால் கருகிவிடும்.

பன்றிக்கறி 63 டிகிரியிலேயே சாப்பிடத் தகுந்ததாகிவிடும், ஆனால் விலா இளக 90க்கு மேல் போக வேண்டும். எலும்பில் பட்டால் மானி தப்பாகக் காட்டும், அதனால் இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். வளைந்து, மேல்புறத்தில் வெடிப்பு விட்டால் சரி. எலும்பு நுனியில் கறி கொஞ்சம் பின்வாங்கியும் இருக்கும். வெட்டும்போது ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு வளையம் தெரியும், வேகவில்லை என்று யாராவது தட்டைத் தள்ளுவார்கள். அது புகை பட்ட நிறம், பச்சை அல்ல. எலும்பிலிருந்து கறி தானாக உதிர வேண்டும் என்று கேட்கும் வீடாக இருந்தால் இலைக்குள் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள், எனக்குப் பல் பட்டால் வருகிற பதம்தான் பிடிக்கும்.

பத்து நிமிடம் ஆறவிட்டு எலும்புக்கு நடுவே வெட்டிப் போடுங்கள். அடுப்பின் இரண்டு துளைகளையும் இறுக மூடிவிட்டால் மிச்சக் கரி தானாக அணைந்துவிடும், சாம்பலை உதறி அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கலாம்.