மூடுபனியின் மேல் தலைப்பு: கிம்ப் மென்பொருளில் முகப்புப் பதாகை செய்முறை

கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையில் சில காலை வேளைகளில் மோயாற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பனி நிரம்பி, மலைமுகடுகள் மட்டும் மேலே தெரியும். அவ்வாறு கைப்பேசியில் எடுத்த படத்தை இணையப் பக்கத்தின் முகப்புப் பதாகையாக மாற்றும் முறையை, இலவசமாகக் கிடைக்கும் படத்திருத்த மென்பொருளான கிம்ப்பைக் கொண்டு விளக்குகிறேன். புதிதாகப் பழகுபவர்கள் மூடுபனியைப் படத்தின் குறையாகக் கருதி நீக்க முயல்வதுண்டு. ஆனால் தலைப்பு எழுத இடம் தருவதே அந்த வெண்மைதான்.

முதலில் படத்தைத் திறந்து, கிராப் கருவியில் அகல உயர விகிதத்தை 4:1 என நிலைப்படுத்துங்கள். 4000 x 3000 பிக்சல் படத்தில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சும் என்பதால், எதை விடுவது என்பதை நிதானமாக முடிவு செய்ய வேண்டும். முகடுகள் கீழ்ப்பகுதியிலும் பனிப்பரப்பு ஒரு பக்கமாகவும் அமையும்படி வெட்டுவதே என் வழக்கம். பிறகு இமேஜ் மெனுவில் உள்ள ஸ்கேல் இமேஜ் வழியாக அளவை 1600 x 400 ஆக்குங்கள்.

அடுத்தது நிறம். மூல அடுக்கை (கிம்பில் படமும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும் தாள் போன்றவை அடுக்குகள்) நகலெடுத்துக்கொண்டு, கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் பெட்டியைத் திறந்தால் படத்தின் இருளையும் ஒளியையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஒரு வரைபடமும் அதன் கீழே மூன்று சிறு முக்கோணங்களும் தெரியும். பனிமூட்டப் படங்களில் வரைபடத்தின் இடப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். கறுப்பு முக்கோணத்தை அந்த வெற்றிடத்தின் பாதி வரை மட்டும் நகர்த்துங்கள். தேயிலைச் சரிவும் சில்வர் ஓக் மரங்களும் துலங்கும், பனியின் மென்மையும் கெடாது. முழுவதும் நகர்த்தினால் பனி அழுக்குச் சாம்பலாகிவிடும். வெள்ளை முக்கோணத்தைத் தொடவே வேண்டாம்.

தலைப்புக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்ற யுனிகோடு எழுத்துருக்களையே பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் யுனிகோடு எழுத்துகளுக்கான வடிவங்கள் இல்லை. எழுத்துக்குத் தூய கறுப்பை விட, கலர் பிக்கர் கருவியால் படத்திலுள்ள சோலையின் அடர்பச்சையைத் தொட்டெடுப்பது நல்லது. அப்போதுதான் தலைப்பு அந்த மலையோடு ஒன்றிப்போகும். பனியே இல்லாத படமென்றால், எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே ஒரு கறுப்பு அடுக்கை இட்டு, அதன் ஒபாசிட்டியை, அதாவது ஒளிபுகாத் தன்மையை, 35 அளவுக்குக் குறைத்து, வெள்ளையில் எழுதலாம்.

எழுத்தின் அளவை 80 பிக்சலுக்குக் கீழே குறைக்காதீர்கள். 1600 பிக்சல் பதாகை 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசித் திரையில் சுருங்கும்போது, அந்த எழுத்து 18 பிக்சலாகிவிடும். அதற்கும் கீழே போனால் ‘லை’யின் கொம்பும் ‘ண’வின் சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சேமிக்கும்போது முதலில் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும், பின்னர் எக்ஸ்போர்ட் ஆஸ் வழியாக 85 தரத்தில் ஜேபெக் கோப்பாகவும் சேமியுங்கள். ‘மலைக் குறிப்புகள்’ என்னும் தலைப்பில் ஒற்று விடுபட்டிருந்ததை நான் ஒருமுறை தாமதமாகக் கண்டபோது, கையில் ஜேபெக் மட்டுமே இருந்ததால் ஒரே ஒரு ‘க்’குக்காக வேலை முழுவதையும் மீண்டும் செய்ய நேர்ந்தது. எக்ஸ்சிஎஃப் கோப்பில் எழுத்து அடுக்கு தனியாகவே இருப்பதால், அதைச் சொடுக்கி அந்த எழுத்தை மட்டும் சேர்த்துவிடலாம்.