டவுன்ஹில் பந்தயமும் ஃப்ரீரைடும்: களம் இறங்கும் பெண்களுக்கு

டவுன்ஹில் என்பது மலைச்சரிவில் மவுண்டன் பைக்கில் (கரடுமுரடான நிலத்துக்கான சைக்கிள்) நேரத்தை எதிர்த்து இறங்கும் பந்தயம்; ஃப்ரீரைடு என்பது அதே வகைச் சரிவில் ஜம்ப்புகளும் வித்தைகளுமாக இறங்குவது. அப்படி ஒரு சரிவின் விளிம்பில் ஒரு பெண் பிரேக்கைப் பிடித்துத் தயங்கி நின்றால், பயப்படுகிறாள் என்று சுற்றி நிற்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் கோளாறு பைக்கில்தான் இருக்கிறது. அவரைவிட இருபது கிலோ கனமான ஒருவருக்கு ஏற்ற ஸ்பிரிங், எட்டாத பிரேக் லீவர், தோளைவிட மிக அகலமான ஹேண்டில்பார் எல்லாம் சேர்ந்து கல்லில் தடதடக்கும்போது உடம்பு எச்சரிப்பது நியாயம்தான். அதனால் தைரியத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் பைக்கை உங்கள் எடைக்கும் கைக்கும் கொண்டு வாருங்கள்.

எந்த பைக்

எடுத்த எடுப்பில் டவுன்ஹில் பைக் வாங்க வேண்டாம். 200 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷனும் இரட்டை கிரவுன் ஃபோர்க்கும் (இரண்டு இடத்தில் பிணைத்த கனமான முன் ஃபோர்க்) கொண்ட அந்த பைக் ஏற்றம் ஏறாது; மெதுவான வேகத்தில் திரும்பவும் மறுக்கும். முதல் ஓரிரு சீசனுக்கு 160–170 மி.மீ. எண்டுரோ பைக் (ஏறவும் இறங்கவும் ஏற்ற மவுண்டன் பைக்) போதும். பைக்கில் நீங்கள் தவறாக நிற்பதை டவுன்ஹில் பைக் மறைத்துவிடும், எண்டுரோ பைக் உடனே காட்டிக்கொடுக்கும். கற்றுக்கொள்கிறவருக்கு அது நல்லது.

பழைய டவுன்ஹில் பைக் வாங்குவதாக இருந்தால் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஃபோர்க் குழாயில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல், ஹெட் டியூப் (ஃபோர்க் செருகும் முன்குழாய்) வெல்டிங்கை ஒட்டிய மயிரிழை விரிசல், பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஃபிரேமின் மூட்டுகளில் உள்ள பிவட் பேரிங்குகளில் தெரியும் ஆட்டம், ரிம்மின் நெளிவு. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஸ்பிரிங்கும் காற்றும்

நீங்கள் பைக்கில் ஏறி நின்றதும் உங்கள் எடைக்கு சஸ்பென்ஷன் அமுங்கும் அளவுதான் ஸேக். டவுன்ஹில்லில் பின் ஷாக்குக்கு 28–33 சதவீதமும் முன் ஃபோர்க்குக்கு 15–20 சதவீதமும் நல்ல தொடக்கம். ஹெல்மெட், கவசம், ஷூ எல்லாம் அணிந்து, பெடல்களைச் சமமாக வைத்து, நின்ற நிலையில் அளக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து அளந்தால் கணக்கு தப்பும், ஏனென்றால் டவுன்ஹில்லில் யாரும் உட்கார்ந்து ஓட்டுவதில்லை.

ஓர் உதாரணம். பின்சக்கரம் 200 மி.மீ. மேலெழ ஷாக் அமுங்கும் நீளம் (ஸ்ட்ரோக்) 75 மி.மீ. என்றால், 30 சதவீத ஸேக் 22–23 மி.மீ. கவசத்தோடு 62 கிலோ வருகிற ஒருவருக்கு, ஃபிரேமின் லீவரேஜைப் (சக்கரம் நகரும் அளவுக்கும் ஷாக் அமுங்கும் அளவுக்கும் உள்ள விகிதம்) பொறுத்து, 250 முதல் 300 பவுண்டு வரையிலான ஸ்பிரிங் (ஓர் அங்குலம் அமுக்க அத்தனை பவுண்டு விசை வேண்டும்) தேவைப்படும். பைக்கோடு 400 பவுண்டு ஸ்பிரிங் வந்திருந்தால் அவருக்கு அது 15, 16 மி.மீ.தான் அமுங்கும். பின்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே தாவிப்போகும், பிரேக் பிடித்தால் பிடிமானம் இருக்காது. ஸ்பிரிங்கின் வளையத்தைத் தளர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது. ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். முதலில் செலவழிக்க வேண்டிய பணம் இதற்குத்தான்.

காற்று ஃபோர்க் என்றால் ஸேக் சரியாக இருந்தும், கரடுமுரடான தடத்தை முழு வேகத்தில் இறங்கிய பிறகு ஓ-ரிங் (எவ்வளவு அமுங்கியது என்று காட்டும் ரப்பர் வளையம்) கடைசி 30 மி.மீ.யைத் தொடாமலே நிற்கலாம். அப்போது உள்ளே இருக்கும் வால்யூம் ஸ்பேசர்களில் (காற்றறையைச் சிறிதாக்கும் துண்டுகள்) ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்.

அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்பி எழும் வேகத்தை, அதாவது ரீபவுண்டைப் பலர் தொடுவதே இல்லை. ஸ்பிரிங் மென்மையானால் அது திரும்பி எழும் விசையும் குறையும், அதனால் ரீபவுண்ட் தணிப்பையும் திறந்துவிட வேண்டும். முழுதாக மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்தீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள். அடுத்தடுத்த கற்களில் பைக் அமுங்கிக்கொண்டே போய்க் கட்டையாகிவிட்டால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. ஜம்ப் விளிம்பில் பின்சக்கரம் உதைத்து எறிந்தால் வேகமாக இருக்கிறது. எல்லாவற்றையும் திறந்த பிறகும் மெதுவாகவே இருந்தால், சர்வீஸ் செய்பவரிடம் உங்கள் எடையைச் சொல்லி உள்ளே இருக்கும் ஷிம்களை (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய தகடுகள்) மாற்றித் தரச் சொல்லலாம்.

டயர்: டவுன்ஹில் கேசிங் (தடித்த டயர் உடல்), டியூப்லெஸ். 55–60 கிலோ எடைக்கு முன்னால் 19–21, பின்னால் 22–24 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாக மாற்றிப் பாருங்கள். வளைவில் டயர் மடிவதுபோல் உணர்ந்தால் காற்று குறைவு. கல்லில் பந்துபோல் துள்ளினால் அதிகம். எப்போதும் ஒரே அளவுமானியை வைத்து அளக்கவும். மானிக்கு மானி வேறுபடும்.

கை படும் இடங்கள்

ஹேண்டில்பார் பெரும்பாலும் 800 மி.மீ. அகலத்தில் வருகிறது. குறுகிய தோளுக்கு அது அதிகம். உள்பக்கக் கை முழுதாக மடங்க, வெளிக்கை நீண்டு போய்விடும், வளைவில் பைக்கைச் சாய்க்க முடியாது. உடனே வெட்டாதீர்கள். கிரிப்பையும் பிரேக்கையும் பக்கத்துக்கு 10 மி.மீ. உள்ளே தள்ளிச் சில நாள் ஓட்டுங்கள். பிடித்தால் அந்த அளவுக்கு வெட்டலாம். 740 முதல் 770 மி.மீ. பலருக்குப் பொருந்துகிறது.

ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு லீவர் முனையின் கொக்கியில் உட்கார வேண்டும்; மற்ற விரல்கள் கிரிப்பை விடக்கூடாது. இதற்கு லீவரின் தூரத்தை மாற்றும் ரீச் திருகையும், கிளாம்ப் உட்காரும் இடத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். சிறிய கைக்கு மெல்லிய கிரிப் நல்லது. தடித்த கிரிப்பை இறுக்கிப் பிடித்தே முன்கை கல்லாகிவிடும். கீழே வந்து சேரும்போது விரல்களைத் திறக்க முடியாத அந்த வலிக்கு வேறொரு காரணமும் உண்டு: தடம் முழுக்கப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருவது. நேரான இடத்தில் குறுகிய நேரம் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிடப் பழகுங்கள். விட்ட அந்த நொடிகளில்தான் கை ஓய்வெடுக்கிறது.

கவசம்

டவுன்ஹில் பந்தயத்தில் ஃபுல்ஃபேஸ் ஹெல்மெட் (தாடையையும் மூடுவது) கட்டாயம். டவுன்ஹில் ஹெல்மெட்டுக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப்1952 தரச்சான்று இருக்கிறதா என்று உள்ளே ஒட்டிய சீட்டில் பாருங்கள். எந்தக் கூந்தல் அமைப்போடு ஓட்டுவீர்களோ அதே அமைப்போடு ஹெல்மெட்டைப் போட்டு அளவு பாருங்கள். உச்சியிலோ பின்னந்தலையிலோ கொண்டை போட்டால் ஹெல்மெட் முன்னே சரியும். தாழ்வான ஒற்றைப் பின்னலைச் சட்டைக்குள் விடுவதுதான் பாதுகாப்பு. கவசங்களுக்கு ஐரோப்பியத் தரங்களைப் பாருங்கள்: முதுகுக் கவசத்துக்கு இ.என். 1621-2, முழங்கால், முழங்கைக்கு இ.என். 1621-1. மார்புத் தகடு தட்டையாக இருந்தால் குனியும்போது மேலே ஏறித் தொண்டையில் இடிக்கும். கடையிலேயே பைக் ஓட்டும் நிலையில் குனிந்து பார்த்து வாங்குங்கள்.

திறமை: எதற்குப் பிறகு எது

நின்ற நிலைதான் அடிப்படை. இடுப்பைப் பின்னால் மடக்கி, குதிகாலைத் தாழ்த்தி, முழங்கையை வெளியே விரித்து, எடை முழுவதும் பெடலில் இருக்க வேண்டும். கையில் எடை ஏறினால் சரிவு உங்களை முன்னே தள்ளும். பயந்து பின்சக்கரத்துக்கு மேல் தொங்கினால் முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். இரண்டுமே விழவைக்கும். செங்குத்தான சரிவில் பின்னால் போகச் சொல்லும் அறிவுரையை நம்பாதீர்கள். கீழே போங்கள், பின்னால் அல்ல.

பம்ப் டிராக்கில் (மேடுகளும் வளைவுகளும் தொடரும் சிறு தடம்) நேரம் செலவிடுங்கள். பெண்கள் டவுன்ஹில்லில் பல ஆண்டுகள் ஆதிக்கம் செலுத்திய பிரான்சின் ஆன்-கரோலின் ஷோசோன் பி.எம்.எக்ஸ். (மேடுகள் நிறைந்த குறுந்தடத்தில் சிறு சைக்கிள் பந்தயம்) பின்னணியில் வந்தவர்; 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதே பி.எம்.எக்ஸில் தங்கம் வென்றார். மிதிக்காமல் வேகம் எடுக்கும் கலை இப்படிப்பட்ட தடத்தில்தான் கைக்கு வரும்.

ட்ராப் (படிபோல் சட்டென்று கீழே இறங்கும் விளிம்பு) 30 செ.மீ.யில் தொடங்கட்டும். விளிம்புக்கு முன்னே உடம்பைத் தாழ்த்தி, முன்சக்கரம் வெளியேறும்போது கைகளை நீட்டி பைக்கை முன்னே அனுப்புங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையிறங்க வேண்டும். பிறகு 60 செ.மீ., அதன்பின் ஒரு மீட்டர்.

ஜம்ப் என்றால் முதலில் டேபிள்டாப் மட்டும். ஏற்றத்துக்கும் இறங்குசரிவுக்கும் நடுவில் மண் நிரப்பியிருப்பதால் தூரம் குறைந்து இறங்கினாலும் பெரிய தண்டனை இல்லை. ஏற்றத்தின் அடியில் காலால் அழுத்தி, வளைவில் ஏறும்போது காலை நிமிர்த்தி, விளிம்பில் இடுப்பு உயர வேண்டும். விளிம்பில் கால் தளர்ந்தால் முன்சக்கரம் மூக்கு குத்தும். பயத்தில் உடம்பு மரக்கட்டையானால் பைக் காற்றில் பக்கவாட்டில் திரும்பும், அங்கிருந்து மீட்பது கடினம். ஏற்றத்தில் பிரேக்கைத் தொடுவது எல்லாவற்றிலும் மோசமானது. வேகம் சந்தேகமாக இருந்தால் ஏற்றத்துக்கு வெகு முன்பே நின்றுவிடுங்கள்.

டேபிள்டாப்பில் இரண்டு சக்கரமும் இறங்குசரிவில், ஏறத்தாழ ஒரே இடத்தில், தொடர்ந்து பத்து முறை தரையிறங்கினால்தான் அதே அளவுள்ள கேப் ஜம்ப்புக்கு (நடுவில் வெற்றிடம் உள்ளது) போகலாம். புதிய கேப்புக்கு வேகம் தெரிய முன்னே ஒருவரைப் பின்தொடர்வது வழக்கம். உங்கள் எடைக்கு அருகில் இருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். எதிர்க்காற்றிலும் கரடுமுரடான சமதளத்திலும் எடை குறைந்தவர் சீக்கிரம் வேகம் இழப்பார். 85 கிலோ நண்பர் பிரேக் தட்டிய இடத்தில் நீங்களும் தட்டினால் லேண்டிங்கின் முனையில்தான் விழுவீர்கள். பேக்ஃப்ளிப் போன்றவற்றுக்கு ஃபோம் பிட் (ஸ்பாஞ்சு நிரப்பிய குழி), ஏர்பேக், கடைசியில் மண் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

ஜிம்மில் வாரம் இரண்டு நாள் போதும்: டெட்லிஃப்ட், ரோ, ஒற்றைக்கால் ஸ்குவாட், கம்பியில் தொங்குதல், கழுத்துப் பயிற்சி. பயிற்சி கூடும்போது சாப்பாடும் கூட வேண்டும். மூன்று மாதம் மாதவிடாய் நின்றுபோனால் அதைப் பயிற்சியின் பக்கவிளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். போதாத உணவு எலும்பை மெலியவைக்கும், இது விழுந்து எழும் விளையாட்டு.

பந்தய நாட்கள்

உள்ளூர்ப் பந்தயங்களில் தொடங்கி, தேசிய சம்மேளனத்தின் உரிமம் எடுத்து, யூசிஐ (சர்வதேச சைக்கிள் சம்மேளனம்) புள்ளிகள் தரும் பந்தயங்களுக்குப் போவதுதான் பாதை. யூசிஐ கணக்கில் 17, 18 வயது ஜூனியர், 19-லிருந்து எலைட். ஆஸ்திரியாவின் வாலி ஹோல் 2018, 2019-ல் ஜூனியர் உலக சாம்பியனாகி, 2022-ல் எலைட் பட்டத்தை வென்றது இந்த ஏணியில் ஏறித்தான். ஆனால் ஜூனியர் வயதைத் தாண்டிய பிறகு தொடங்குபவர்களுக்கும் உள்ளூர்ப் பிரிவுகள் உண்டு.

முதல் நாள் தடத்தை நடந்து பாருங்கள். கீழே இறங்கியபடி மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு கடினமான பகுதிக்கும் கீழே நின்று மேலே திரும்பிப் பாருங்கள், தெரியாத கோடுகள் (பைக் போகக்கூடிய வழிகள்) தெரியும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வேகமான கோடும், மழை பெய்தால் போக ஒரு பத்திரமான கோடும் தேர்ந்துகொள்ளுங்கள். பயிற்சியில் முதல் ஓட்டம் நிதானமாக முழுத் தடம். அடுத்து சிக்கலான பகுதிகளில் நின்று நின்று. கடைசி இரண்டு மட்டும் நிற்காமல். களைத்த பிறகு இன்னும் ஒன்று என்று ஏறும் ஓட்டத்தில் விழுபவர்கள் ஏராளம், அதை விட்டுவிடுங்கள். பின்னால் வருபவர் குரல் கொடுத்தால் அகலமான இடம் பார்த்து வழிவிடுங்கள்.

ஃப்ரீரைடு பக்கம்

இங்கே கடிகாரம் கிடையாது. ரெட் புல் ராம்பேஜ் என்ற ஃப்ரீரைடு போட்டியில் கோட்டின் கடினம், காற்றில் எழும் உயரம், கட்டுப்பாடும் சரளமும், வித்தையும் பாணியும் என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் தருகிறார்கள். 2001-ல் தொடங்கிய அந்தப் போட்டியில் பெண்கள் பிரிவு 2024-ல்தான் வந்தது. அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த அதை நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ் வென்றார். அதற்கு முன்பே, 2019-லிருந்து, ஃபார்மேஷன் என்ற கூடுகையில் பெண்கள் அதே வகை நிலத்தில் தாங்களே கோடு வெட்டி ஓட்டிக் காட்டியிருந்தார்கள். வாய்ப்பு தாமதமாக வந்தது, திறமை அல்ல.

ஆகவே மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ராம்பேஜில் இயந்திரக் கருவி கிடையாது. ஓட்டுபவரும் உதவிக்கு வரும் இருவரும் கைக்கருவியால்தான் வெட்ட வேண்டும். நிலத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கிய இடத்தில் பயிலுங்கள். விளிம்பு மண்ணை ஈரத்தோடு அடித்து இறுக்கவும், லேண்டிங்கைத் தேவைக்கு மேலே நீளமாகவே கட்டவும், முதலில் லேண்டிங், பிறகு ஏற்றம் என்ற வரிசையில் கட்டவும் பழகுங்கள். அழைப்புப் போட்டிகளுக்கு உங்கள் வீடியோதான் விண்ணப்பம். ஒரு கோட்டில் இறங்குவதைத் துண்டு துண்டாக ஒட்டாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே ஷாட்டில் காட்டுங்கள்.

விழுந்த பிறகு

தலையில் அடிபட்டு, தலைவலி, குமட்டல், மங்கல் பார்வை, குழப்பம் எதுவாக இருந்தாலும் அன்றைக்கு மறுபடி பைக்கில் ஏறக் கூடாது. உங்கள் தீர்ப்பை நம்பாமல் உடனிருப்பவர் சொல்வதைக் கேளுங்கள். மருத்துவர் பார்த்த பின், ஒன்றிரண்டு நாள் ஓய்வு, மெதுவான நடை, லேசான பயிற்சி, எளிய தடம் என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் கொடுத்து, மருத்துவர் சம்மதித்த பிறகே வேகத்துக்கும் ஜம்ப்புக்கும் திரும்புங்கள். அடி வாங்கிய ஹெல்மெட்டின் ஃபோம் நசுங்கியது நசுங்கியதுதான், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். கார்பன் ஹேண்டில்பாரில் லீவர் கிளாம்ப் அழுந்திய தடம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பிரேக் கிளாம்புகளை அளவாக மட்டும் இறுக்கினால், அடுத்த முறை விழும்போது லீவர் முறியாமல் சுழன்றுகொடுக்கும்.