பழைய ஆவணத்தில் ‘சிலோனீஸ்’ என்று வந்தால் தமிழில் என்ன எழுதுவது?

1972 மே 22 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, ஆங்கிலத்தில் சிலோன் என்றிருந்த நாடு ஸ்ரீலங்கா ஆனது. சிலோனீஸ் என்ற குடிப்பெயர் பழஞ்சொல்லாகி, அதன் இடத்துக்கு ஸ்ரீலங்கன் வந்தது. தமிழில் அதற்கு முன்பும் இலங்கைதான், பின்பும் இலங்கைதான். ஆகவே ‘இலங்கையர்’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி இடங்களில் அது சரிதான். மீதி இடங்களில் அந்தச் சொல் யாரைக் குறித்தது என்று பார்க்காமல் எழுதினால் ஒரு மனிதரின் இனமோ குடியுரிமையோ தாளில் மாறிப்போகும்.

முதலில் தேதியைப் பாருங்கள். 1948க்கு முந்தைய தாள் என்றால் சிலோன் குடியுரிமை என்று ஒன்று அப்போது கிடையாது. எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். அன்று சிலோனீஸ் என்றால் தீவைச் சொந்த மண்ணாகக் கொண்டவர்: சிங்களவர், தமிழர், சோனகர் (முஸ்லிம்கள்), பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்த இலங்கைச் சமூகத்தினர்) யாராகவும் இருக்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, அரசுத் தாள்களில் அது பெரும்பாலும் குடியுரிமை உள்ளவரைக் குறிக்கும். 1972க்குப் பிறகும் யாராவது எழுதியிருந்தால் அது பழக்கத்தால் வந்தது, அல்லது ஒரு நிறுவனத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டது.

அதிகம் நடக்கும் பிழை, சிலோனீஸைச் ‘சிங்களவர்’ ஆக்கிவிடுவது. ஒலி நெருங்கி வருவதால் கை தானாக எழுதிவிடுகிறது. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான பொன்னம்பலம் அருணாசலம் ஒரு சிலோனீஸ் தலைவர், அவர் தமிழர். 1877இல் கொழும்பில் பிறந்த கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமிக்குத் தந்தை தமிழர், தாய் ஆங்கிலேயர். இவர்களைச் ‘சிங்கள அறிஞர்’ என்று எழுதினால் வாசகர் அடுத்த வரிக்கே போகமாட்டார். அதே பழைய நூல்களில் ‘சிங்கலீஸ்’ என்று வரும் சொல்தான் சிங்களவரைக் குறிப்பது. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும், எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான பிழை மலையகத் தமிழர், அதாவது தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழியினர், விஷயத்தில் வருகிறது. தோட்டத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர் ஆயினும், 1948 சட்டம் அவர்களில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதி அப்போது முடிவாகவில்லை. அந்தக் காலத் தாளில் ‘சிலோனீஸ் அல்லர்’ என்றிருந்தால், ‘இலங்கைக் குடியுரிமை இல்லாதவர்’ என்று எழுதுங்கள். ‘இலங்கையர் அல்லர்’ என்றால் அவர் வெளியூரிலிருந்து வந்து போனவர் போல ஆகிவிடும். இந்த ஒரு வரியில் கவனம் தவறினால் ஒரு குடும்பத்தின் வரலாறே கோணலாகும்.

உங்கள் சொந்த வாக்கியத்தில் ‘இலங்கையர்’ போதும். பேச்சு நடையில் ‘இலங்கைக்காரர்’ வரலாம். ‘இலங்கையன்’ மரியாதைக் குறைவாக ஒலிக்கும். வல்லினம் மிகுவதை விட்டுவிடாதீர்கள்: இலங்கைத் தமிழர், இலங்கைப் பிரதமர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் வெள்ளி வென்ற டங்கன் வைட்டை ‘ஸ்ரீலங்கா வீரர்’ என்றால் காலப்பிழை. ‘இலங்கை வீரர்’ என்றால் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். தமிழ் நமக்குத் தந்திருக்கும் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மேற்கோளுக்குள் வந்தால் மாற்றக்கூடாது. ஒரு கதாபாத்திரமோ கடிதம் எழுதியவரோ ‘சிலோன்காரன்’ என்று சொல்லியிருந்தால் அப்படியே விடுங்கள்.

நிறுவனப் பெயர்களுக்கு அங்கே புழங்கும் தமிழ்ப் பெயரே சரி: இலங்கை வங்கி, இலங்கை மின்சார சபை. இவற்றின் ஆங்கிலப் பெயரில் சிலோன் நீண்ட காலம் நிலைத்தது. ரேடியோ சிலோன் என்றால் தமிழில் இலங்கை வானொலி. வணிகப் பெயரான சிலோன் டீயை மட்டும் ‘இலங்கைத் தேநீர்’ ஆக்கத் தேவையில்லை.

பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றைச் சான்றளித்து மொழிபெயர்க்கும்போது விதி வேறு. தாளில் சிலோன் என்றிருந்தால் சிலோன் என்றே எழுதி, சதுர அடைப்புக்குள் ‘இப்போது இலங்கை’ என்று சேருங்கள். இனம் என்ற கட்டத்தில் ‘சிலோன் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்றிருப்பதை ஒன்றாக்கவே கூடாது. இரண்டும் தனித்தனிப் பதிவுகள். குடியுரிமை வழக்குகளில் இந்தக் கட்டம் முக்கியமாகலாம்.

இடத்தைப் பொறுத்தும் பொருள் மாறும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிலோன்காரர் என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷார் காலத்தில் ரயில்வே, எழுத்தர் வேலைகளுக்குப் போன யாழ்ப்பாணத் தமிழரின் வழித்தோன்றல்கள். அது அவர்களின் சமூகப் பெயர். அங்கே ‘இலங்கையர்’ என்று திருத்தினால் இன்றைய இலங்கைப் பிரஜைகள் என்ற தவறான பொருள் வரும். நீலகிரியில் அதே சொல் தாயகம் திரும்பிய மலையகத் தமிழரைக் குறிக்கும். பேரன் பேத்திகளையும் அப்படியே அழைப்பது அவர்களை அந்நியராக்கும் என்பதால், எழுதும்போது ‘தாயகம் திரும்பியோர் குடும்பத்தினர்’ என்பதே தகும்.