நோட்ஸ் பிடிஎஃப்புக்குப் பூட்டு போடுவதைவிடப் பெயர் போடுங்கள்

வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ் மீடியம் எஸ்எஸ்எல்சி பிள்ளைகளுக்கு நான் டைப் செய்து விற்கும் சமூக அறிவியல் நோட்ஸ், போன வருடம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுத் தொங்கியது. முதல் பக்கத்தில் என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைத் தாளை வைத்துக் காப்பி எடுத்திருந்தார்கள். குமுளியிலோ கம்பத்திலோ டியூஷன் எடுப்பவர்களுக்கும் இந்த அனுபவம் வந்திருக்கும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் பாஸ்வேர்டு. லிப்ரே ஆபீஸில் பிடிஎஃப்பாக எக்ஸ்போர்ட் செய்யும்போது செக்யூரிட்டி என்று ஒரு பகுதி வரும். ஃபைலைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு, பிரின்ட், காப்பி, திருத்தம் இவற்றைத் தடுக்க இன்னொன்று. இரண்டாவதை நம்பாதீர்கள். ஃபைல் திறந்துவிட்டால் 'பிரின்ட் கூடாது' என்பது உள்ளே எழுதி வைத்த ஒரு குறிப்புதான், அதை மதிப்பதும் மதிக்காததும் திறக்கும் சாஃப்ட்வேரின் இஷ்டம். க்யூபிடிஎஃப் போன்ற இலவசக் கருவி ஒரே கமாண்டில் கழற்றிவிடும். திறக்கும் பாஸ்வேர்டு ஃபைலை நிஜமாகவே என்கிரிப்ட் செய்கிறது, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது, ஆனால் நம் பிள்ளைகள் ஃபைலோடு பாஸ்வேர்டையும் சேர்த்தே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். (பதிப்புரிமையை மீறுவதற்காக இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை என்று பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு சொல்கிறது. பத்தாம் வகுப்புப் பையன் மேல் யார் கேஸ் போடுவது?)

எனக்குக் கைகொடுத்தது பெயர்தான். மாணவர் பெயர்களை ஒரு ஷீட்டில் போட்டு, மெயில் மெர்ஜ் (ஷீட்டில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து நோட்ஸில் தானே நிரப்பும் வசதி) மூலம் ஒவ்வொருவருக்கும் தனி ஃபைல், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் பெயர். அடியை வெட்டிவிட்டால்? அதற்கு ஒரு குறும்பு வேலை: நோட்ஸில் ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒருவருக்கு 'ஆகவே', இன்னொருவருக்கு 'எனவே' என்று மாற்றிப் போடுங்கள். ஆறு இடம், இடத்துக்கு இரண்டு சொல் என்றால் 64 விதமான பிரதி. ஜெராக்ஸ் எடுத்தாலும் சொல் அழியாது. யாருக்கு எந்த வரிசை என்பதை அதே ஷீட்டில் குறித்து வையுங்கள்.

அப்புறம் சரிபார்ப்பு. விடையைத் திருத்தி என் பெயரிலேயே சுற்றவிட்டவர்களும் உண்டு. விண்டோஸில் செர்ட்யூட்டில் கமாண்டு மூலம் ஃபைலின் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை எடுங்கள். ஃபைலில் உள்ளதை வைத்துக் கணக்கிடும் கைரேகை மாதிரி அது. 64 எழுத்து வரும், ஒரு புள்ளி மாறினாலும் அது முழுக்க வேறாகிவிடும். ஆளுக்கொரு ஃபைல் என்பதால் எண்ணும் ஆளுக்கொன்று, அதுவும் ஷீட்டிலேயே. கைக்கு வந்த ஃபைலின் எண் ஷீட்டில் உள்ளதோடு ஒத்துப்போனால் ஃபைலை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். யார் தயாரித்தது என்று காட்ட வேண்டுமானால் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், எனக்கு அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை.

இந்த வருடமும் அடி வெட்டிய ஒரு ஜெராக்ஸ் கைக்கு வந்தது. ஆகவே, ஆகவே, எனவே, ஆகவே, எனவே, எனவே. ஷீட்டைப் பார்த்துப் பையனுக்குப் போன் போட்டேன். "சார், சித்தி பையனுக்கு மட்டுந்தான் கொடுத்தேன்" என்றான்.