ஜென்டூ அப்டேட்டில் பேக்கேஜ்கள் மோதினால், பழசைப் பிடித்து வைத்திருப்பது யார்?

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து நிறுவும் லினக்ஸ் வகையான ஜென்டூவைச் சில மாதங்கள் அப்டேட் செய்யாமல் விட்டால், அடுத்த முறை எமர்ஜ் (பேக்கேஜ்களை நிறுவும் கமாண்டு) திரை நிறைய மோதல் செய்தியைக் கொட்டும். பார்த்ததும் எதையாவது நீக்கிவிட்டு மறுபடி ஓட்டத் தோன்றும். அது கடைசி வழி. விடை பெரும்பாலும் அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கும். (கமாண்டுகள் இங்கே உச்சரிப்பில் உள்ளன, டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

எமர்ஜ் --சிங்க் முடிந்ததும் 'ஈசெலக்ட் நியூஸ் ரீட்' அடித்து அறிவிப்புகளைப் படியுங்கள். பிறகு:

எமர்ஜ் --ஆஸ்க் --வெர்போஸ் --அப்டேட் --டீப் --சேஞ்ச்டு-யூஸ் @வேர்ல்டு

--டீப் இல்லாமல் ஓட்டிப் பழகினால் அடியில் உள்ள லைப்ரரிகள் பழசாகவே தங்கும்; பின்னால் வரும் மோதலுக்கு அதுவே வித்து.

வந்த செய்தி எல்லாமே பிழையல்ல. சில அப்டேட்டுகள் தவிர்க்கப்பட்டன என்பது வெறும் எச்சரிக்கை, மற்றவை ஏறிவிடும். ஒரு பேக்கேஜ் இன்னொன்றைத் தடுக்கிறது என்னும் 'பிளாக்ஸ்' வரியில் சின்ன 'பி' (b) இருந்தால் போர்ட்டேஜே (எமர்ஜுக்குப் பின்னால் இருக்கும் பேக்கேஜ் மேலாளர்) சமாளித்துக்கொள்ளும். பெரிய 'பி' (B) என்றால் நீங்கள்தான் தலையிட வேண்டும்.

ஸ்லாட் மோதல்தான் கண்ணைக் கட்டும். ஸ்லாட் என்பது ஒரு பேக்கேஜின் ஒரு வடிவம் மட்டும் உட்காரும் இடம். ஒரே ஸ்லாட்டில் ஒரே பேக்கேஜின் இரண்டு வடிவங்கள் கேட்கப்படுகின்றன என்பதே அதன் பொருள். ஒவ்வொரு வடிவத்தின் கீழும் அதை இழுப்பவர்களின் பட்டியல் வரும். ஒரு பெயருக்குப் பக்கத்தில் 'இன்ஸ்டால்டு' என்றிருந்தால் அது ஏற்கெனவே உங்கள் கணினியில் இருப்பது. 'ஷெட்யூல்டு ஃபார் மெர்ஜ்' என்றால் இனி ஏறப் போவது. நிபந்தனைக்கு அடியில் ^^^ குறி போட்டிருக்கும் இடம்தான் முட்டும் இடம்: வெர்ஷன் எண்ணா, யூஸ் ஃபிளாக்கா (ஒரு வசதியைச் சேர்க்க, விலக்க உதவும் சுவிட்ச்), ஸ்லாட்டா என்று அங்கேயே தெரியும். பட்டியல் பாதியில் நின்றால் --வெர்போஸ்-கான்ஃப்ளிக்ட்ஸ் சேருங்கள்.

பழசைப் பிடித்திருப்பது இன்ஸ்டால் ஆன பேக்கேஜ் என்றால், அது இன்னும் தேவையா என்று பாருங்கள். டெப்க்ளீன் என்பது தேவையற்ற பேக்கேஜ்களை நீக்குவது; --ப்ரிடென்ட் போட்டால் எதையும் நீக்காது. 'எமர்ஜ் --ப்ரிடென்ட் --வெர்போஸ் --டெப்க்ளீன்' என அடித்துப் பெயரைக் கொடுத்தால், யாருக்காக அது இருக்கிறது என்று சொல்லும். தேவைதான் என்றால் அந்தப் பேக்கேஜையும் மோதும் லைப்ரரியையும் ஒரே கமாண்டில் --ஒன்ஷாட் போட்டுக் கட்டுங்கள் (கம்பைல் செய்யுங்கள்). --ஒன்ஷாட்டை மறந்தால் அந்த லைப்ரரி வேர்ல்டு ஃபைலில் (நீங்களே கேட்டு நிறுவியவற்றின் பட்டியல்) ஏறி, டெப்க்ளீனுக்கு அகப்படாமல் கிடக்கும். ஐசியு, பாப்ளர் மாதிரி சப்-ஸ்லாட் (மாறினால் சார்ந்த பேக்கேஜ்களை மறுபடி கட்ட வைக்கும் எண்) மாறும் லைப்ரரிகளில், எமர்ஜ் கூடுதல் முறை முயன்று பார்க்க --பேக்ட்ராக்=100 கொடுத்தாலே சில சமயம் தீர்ந்துவிடும்; கணக்குப் போட அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு வழியிலும் தீரவில்லையா? /ஈடிசி/போர்ட்டேஜ் ஃபோல்டரைத் திறங்கள். எப்போதோ எழுதி மறந்த மாஸ்க் (ஒரு வெர்ஷனை ஏறவிடாமல் தடுக்கும்) வரியோ, குறிப்பிட்ட வெர்ஷனுக்கு மட்டும் கொடுத்த கீவேர்டோ (டெஸ்டிங் வெர்ஷனை அனுமதிக்கும் வரி) அங்கே உட்கார்ந்திருக்கும். தடைகளைத் திறக்கும் வரிகளைத் தானே எழுதும் --ஆட்டோஅன்மாஸ்க்-ரைட் தருவதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். ஒரு சின்னப் பிரச்சினைக்கு டெஸ்டிங் பேக்கேஜ்களை வரிசையாகத் திறந்துவிடும்.

பைத்தான் மாற்றம் தனி ரகம். 2024 ஜூனில் இயல்புப் பதிப்பு 3.12 ஆனதை எடுத்துக்கொள்வோம். சில பேக்கேஜ்கள் ஒரே ஒரு பைத்தானுக்குத்தான் கட்டப்படும். அவை கேட்கும் லைப்ரரிகளும் அதே பைத்தானுக்குக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரே தாவலில் மாறினால் இடையில் ஏதாவது உடையும். அதனால் முதலில் /ஈடிசி/போர்ட்டேஜுக்குள் யூஸ் ஃபிளாக்குகளை எழுதும் பேக்கேஜ்.யூஸில்:

*/* பைத்தான்_டார்கெட்ஸ்: பைத்தான்3_11 பைத்தான்3_12
*/* பைத்தான்_சிங்கிள்_டார்கெட்: -* பைத்தான்3_11

முழு அப்டேட் ஓட்டுங்கள். இரண்டாவது வரியை 3_12 ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். கடைசியாக இரு வரிகளையும் நீக்கி மூன்றாம் முறை, பிறகு டெப்க்ளீன். கம்பைல் நேரம் கூடும், ஆனால் நடுவில் நிரல்கள் படுக்கும் வாய்ப்பு குறைவு.

நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் 'குவிக்பிகேஜி' கொண்டு பைனரி நகல் எடுங்கள். /ஈடிசி கோப்புகளை அது தானாகச் சேர்க்காது; --இன்க்ளூட்-கான்ஃபிக்=ஒய் கொடுக்க வேண்டும். --அன்மெர்ஜ் எந்தச் சார்பையும் பார்க்காமல் அழித்துவிடும். ஜிலிப்சி (அடிப்படை சி லைப்ரரி), ஜிசிசி (கம்பைலர்), பைத்தான், போர்ட்டேஜ் நான்கிலும் கை வைக்காதீர்கள்.

அப்டேட் முடிந்ததும், பழைய லைப்ரரியை இன்னும் பயன்படுத்துபவற்றை மறுபடி கட்ட 'எமர்ஜ் @ப்ரிசர்வ்டு-ரீபில்ட்', அதன்பின் மாறிய /ஈடிசி கோப்புகளை ஒப்பிட்டு ஏற்க 'டிஸ்பேட்ச்-கான்ஃப்'. டெப்க்ளீன் நீக்கப் போகும் பட்டியலில் கர்னல் சோர்ஸ் இருந்தால், இப்போது ஓடுவது எது என்று 'யூநேம் -ஆர்' பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.