என்லார்ஜருக்கு ஒரு டைமர்: 555 ஐசி வைத்து வீட்டிலேயே செய்யலாம்

குளியலறைக் கதவிடுக்கில் கறுப்புத் துணியைச் செருகிவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்க்குள் எண்ணியே பல நாள் என்லார்ஜரில் (நெகடிவின் பிம்பத்தைப் பெரிதாக்கி ஃபோட்டோ பேப்பரில் விழவைக்கும் கருவி) பிரிண்ட் போட்டேன். சேலத்து ஏப்ரல் வெக்கையில், மூடிய அறையில், எட்டு எண்ணுவதற்குள் வேர்வை கண்ணில் இறங்கும். எண்ணிக்கையும் தானாக வேகமெடுக்கும். ஏற்காடு மலைப்பாதையில் எடுத்த ஒரே நெகடிவ், மூன்று பிரிண்ட், மூன்று விதமான பனி!

அதற்குத்தான் இந்த டைமர்: பட்டனைத் தட்டினால் என்லார்ஜர் விளக்கைக் குறித்த நேரம் மட்டும் எரியவிட்டு அணைக்கும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது காட்டும் 8 விநாடி கடிகாரத்தின் 8 விநாடியாக இருக்க வேண்டியதில்லை. நேற்று தந்த அதே வெளிச்சத்தை இன்றும் தந்தால் போதும்.

வாங்க வேண்டியவை: 555 ஐசி (நேரம் கணக்கிடும் சிப்), 100 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர், பிசி 547 டிரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), 1என்4007 டையோடு, 12 வோல்ட் அடாப்டர், 12 நிலை ரோட்டரி சுவிட்ச், புஷ் பட்டன், ரெசிஸ்டர்கள், பிளாஸ்டிக் பெட்டி. எல்லாம் சாதாரண எலக்ட்ரானிக்ஸ் கடைச் சரக்குதான்.

முதலில் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகை) போடுங்கள். ஐசியின் 1ஆம் கால் கிரவுண்ட். 8, 4 இரண்டும் பிளஸ். 6, 7 கால்களைச் சேர்த்து, அங்கிருந்து கிரவுண்டுக்குக் கெபாசிட்டர் (மைனஸ் பக்கம் கிரவுண்டில்). 5ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோஃபாரட். 2ஆம் காலுக்குப் பிளஸ்ஸிலிருந்து 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர். அதே காலிலிருந்து கிரவுண்டுக்குப் புஷ் பட்டன். பட்டனைத் தட்டிவிட்டு உடனே விரலை எடுங்கள். அழுத்திக்கொண்டே இருந்தால் நேரம் முடிந்தும் விளக்கு அணையாது.

நேரக் கணக்கு எளிது: 1.1 × ரெசிஸ்டர் × கெபாசிட்டர். 100 கே போட்டால் 11 விநாடி. நான் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு நிலை வைக்கவில்லை. அரை அரை ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) 4, 5.6, 8, 11, 16, 22, 32 என்று ஏழு நிலை வைத்தேன். 4 விநாடிக்கும் 5 விநாடிக்கும் பிரிண்டில் வித்தியாசம் தெரியும். 31க்கும் 32க்கும் தெரியவே தெரியாது. குமிழை ஒரு கிளிக் திருப்பினால் எங்கே இருந்தாலும் அதே அளவு கருமை கூடும்.

6, 7 சேரும் இடத்திலிருந்து சங்கிலி போல வரிசையாக: 33 கே + 3.3 கே, பிறகு 15, 22, 27, 47, 56, 82 கே. முதல் ஜோடியின் முடிவிலும், அடுத்து ஒவ்வொரு ரெசிஸ்டரின் முடிவிலும் ஒரு கம்பி எடுத்து ரோட்டரி சுவிட்சின் ஏழு நிலைகளுக்குக் கொடுங்கள். சுவிட்சின் நடுக்கால் பிளஸ்ஸுக்கு. மீதி ஐந்து நிலைகளையும் ஏழாவதோடு இணைத்துவிடுங்கள். திறந்து கிடந்தால் அங்கே குமிழ் போய் நின்றதும் விளக்கு அணையாமல் எரியும். கெபாசிட்டரின் அளவு 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். இருக்கட்டும், எல்லா நிலையும் சேர்ந்தே நகரும், விகிதம் கெடாது.

3ஆம் காலிலிருந்து 4.7 கே வழியாக டிரான்சிஸ்டரின் பேஸ். எமிட்டர் கிரவுண்டில், கலெக்டருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே ரிலே காயில். காயிலுக்குக் குறுக்கே டையோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இதை மறந்தால் ரிலே விடும்போது எழும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

இனி 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஃபேஸ் கம்பியை 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் காமன் காலுக்குக் கொண்டுவந்து, என்ஓ காலிலிருந்து (ரிலே இழுக்கும்போது மட்டும் காமனோடு சேரும் கால்) என்லார்ஜருக்கு. அந்த இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு சாதா சுவிட்ச், ஃபோகஸ் பார்க்க. எர்த் கம்பி நேராக என்லார்ஜருக்குப் போகட்டும். 12 வோல்ட் பக்கத்துக்கும் 230 வோல்ட் பக்கத்துக்கும் ஒரு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும். கை பழகாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

பெட்டியில் பவர் எல்இடி வைப்பதானால் சிவப்பு. நான் முதலில் அழகுக்காகப் பச்சை வைத்தேன். மல்டிகிரேடு பேப்பர் (வெளிச்சத்தின் நிறத்தை வைத்துக் கான்ட்ராஸ்ட் மாறும் ஃபோட்டோ பேப்பர்) பச்சையையும் பார்க்கும். நாலு தாள், வெள்ளையே இல்லாமல் சாம்பல் பூத்து வந்தது. எல்இடியைத்தான் கடைசியாகச் சந்தேகப்பட்டேன்.

பவர் போட்டதும் ரிலே தானாக ஒருமுறை தட்டக்கூடும். அது அடங்கிய பிறகு பேப்பர் உறையைப் பிரியுங்கள்.

டைமர் சரியாக இருந்தும் பிரிண்ட் வெளிறினால் வோல்டேஜைப் பாருங்கள். 555க்கு ஏற்ற இறக்கம் பொருட்டில்லை, ஆனால் இழை பல்புக்கு உண்டு: வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், அதாவது அரை ஸ்டாப். எங்கள் தெருவில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும் நேரத்தில் நான் என்லார்ஜரைத் தொடுவதில்லை.